காமாட்சியும் நீயும் ஏறிய கல்

என் அருமைச் சண்டைக்காரி கோமுவுக்கு,

உன் கல் கிடைத்துவிட்டது. வேறு எதைச் சொல்லித் தொடங்கினாலும், "விஷயத்துக்கு வாங்கோ மன்னி" என்று நீ நடுவில் வெட்டுவாய். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். வாசல் படிக்குப் பக்கத்தில் சரிவாகக் கிடந்ததே, நம் பசு காமாட்சி ஏறி இறங்கிய கல், உன் சக்கர நாற்காலி ஏறி இறங்கிய கல், அதேதான். எங்கே இருந்தது தெரியுமா? கொல்லையில், கிணற்றடியில். இத்தனை வருஷமாக அதன் முதுகில்தான் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அதைப் பிறகு கேட்கிறேன்.

நம் தெருக்காரர்களின் சங்கமான சமூகத்தின் ஆண்டு மலருக்குத் தெருவின் பழம்பெருமை பற்றி ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி கேட்டார்கள். பெருமை எழுத எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். வடிவீஸ்வரத்திலிருந்து இந்த மலையாள நாட்டுக் கரமனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் இந்தத் தெருவைக் குறை சொல்லியே பழகிவிட்டேன். அதனால், கோமுவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன், நீங்கள் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். நாத்தனாருக்கு மன்னி எழுதும் கடிதத்தில் பெருமை எவ்வளவு இருக்கும் என்று அவர்களே தெரிந்துகொள்ளட்டும்.

மற்றவர்களும் படிப்பதால், உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நம் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்று. பின்னால் ஆறு, பக்கத்தில் சந்து கிடையாது. கொல்லையில் மாடு கட்ட வேண்டுமென்றால், அது வாசல் வழியாக ஏறி, ரேழி கடந்து, கூடம் கடந்து, அடுக்களையையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்காகவே அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு படியை ஒட்டி ஒரு கருங்கல் பலகையைச் சரிவாகப் போட்டிருந்தார்கள். குளம்பு வழுக்காமல் இருக்க அதில் குறுக்கே கோடு கோடாகக் கொத்தியிருக்கும். நான் வந்தபோது பெரும்பாலான வீடுகளில் மாடும் போய், கல்லும் போய், மொசைக் படி வந்துவிட்டிருந்தது. நம் வீட்டில் மாடும் இருந்தது, கல்லும் இருந்தது. நீயும் இருந்தாய்.

கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் நான் பார்த்த முதல் காட்சி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன் அண்ணா உன்னைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு படி இறங்கினார். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதத்தில் கால் இரண்டும் போனவள் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் உன் முகத்தில் இருந்த கோபத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வளர்ந்த பெண்ணைத் தெருவே பார்க்கத் தூக்கிக்கொண்டு போகிறார்களே என்கிற கோபம். இவளோடு எனக்கு ஒத்துப்போகும் என்று அன்றைக்கே நினைத்தேன். ஒத்துப்போகவில்லை, அது வேறு விஷயம்.

யாரோ புண்ணியவான் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தபோது, வீட்டில் எல்லோரும் அதைக் கூடத்தில் ஓட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். நீ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய். காமாட்சி மேய்ச்சல் முடிந்து தெருவிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது.

"பசு ஏறறது, நான் ஏறப்படாதா?" என்று கேட்டாய்.

கேட்டுவிட்டால் போதுமே, அப்புறம் உன்னை யார் நிறுத்துவது? முதல் தடவை இறங்கியபோது கொத்தின கோடுகளில் சக்கரம் தடதடவென்று குதித்து, உன் பல்லெல்லாம் ஆடிவிட்டது. கொத்தனாரைக் கூப்பிட்டு, சக்கரம் போகிற இரண்டு ஓரத்திலும் மட்டும் கோடுகளைச் சிமென்டால் அடைக்கச் சொன்னாய். நடுவில் காமாட்சிக்கு, ஓரங்களில் உனக்கு. ஒரே கல்லில் இருவருக்கும் வழி.

நிலைப்படிதான் அடுத்த வழக்கு. அதில் லக்ஷ்மி உட்கார்ந்திருக்கிறாள், சக்கரம் ஏற்றக் கூடாது என்று உன் அம்மா ஒரே பிடிவாதம். ஆசாரியிடம் சொல்லி, படியைத் தொடாமல் அதன்மேல் கவிழ்ந்து நிற்கிற மாதிரி ஒரு சின்ன மரச் சரிவு செய்துகொண்டாய். அப்படியும் அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டபோது, "இந்தப் பலகைக்கும் மஞ்சள் குங்குமம் வெச்சாப் போச்சு. லக்ஷ்மி இத்தனூண்டு நகர்ந்து உக்காந்துக்கட்டும்" என்றாய். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை முதல் நிலைப்படியோடு சேர்த்துப் பலகைக்கும் பொட்டு வைத்தோம்.

ஒரு குறை மட்டும் கடைசி வரை இருந்தது. கல் கொஞ்சம் செங்குத்து. இறங்குவது உன் இஷ்டம், ஏறுவதற்கு யார் தயவாவது வேண்டும். தெருவில் நின்றுகொண்டு, "யாராவது ஒண்ணு தள்ளுங்கோளேன்" என்று நீ குரல் கொடுப்பாய். பால்காரர் தள்ளுவார், தபால்காரர் தள்ளுவார், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு தள்ளும். எல்லோரும் சந்தோஷமாகத்தான் தள்ளினார்கள். உனக்குத்தான் அது பிடிக்கவே இல்லை.

கல் வழியாக நீ முதன்முதலில் போன இடம் வாசகசாலை. அங்கே சாண எரிவாயு பற்றி ஒரு வகுப்பு. போனவள் சும்மா வந்தாயா? கொல்லையில் குழி தோண்டி, இரும்பு டிரம்மைக் கவிழ்த்து, குழாய் இழுத்து, அடுக்களையில் நீலமாக ஒரு சுடரை ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தாய். சாணம் கரைக்கிற தொட்டியை உட்கார்ந்த கைக்கு எட்டுகிற உயரத்தில் கட்டச் சொன்னாய். வாயு சேரச் சேர டிரம் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று பார்த்துவிட்டு, இன்றைக்குச் சாம்பார் வைக்கலாம், அவியல் நாளைக்கு என்று உத்தரவு போடுவாய். விறகுப் புகையில் கண் எரிந்துகொண்டிருந்த அம்மாவின் கடைசி வருஷங்கள் புகையில்லாமல் கழிந்தன. அது உன் உபயம்.

நானோ மின்சார ஆபீஸில் குமாஸ்தா. சாயங்காலம் கரண்ட் கட் ஆகிற அரை மணி நேரத்தில் தெருவே இருண்டு கிடக்க, நம் வீட்டில் மட்டும் சாண வாயு விளக்கு பளிச்சென்று எரியும். மின்சார ஆபீஸ்காரி வீட்டில் சாணி வெளிச்சமாக்கும் என்று தெருவில் என்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. கேலி செய்தவர்கள் எல்லோரும் அந்த அரை மணி நேரம் நம் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பாகி மாமி அரிவாள்மணையும் காயுமாக வந்துவிடுவாள்.

அடுப்பு மேடைக்காக நாம் போட்ட சண்டையை எப்படி விடுவது? நீ நாற்காலியில் உட்கார்ந்தபடி சமைக்க வேண்டும் என்று மேடையைத் தாழ்வாகக் கட்டி, கீழே முழங்கால் நுழைய இடமும் விட்டார்கள். எனக்குக் குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்தது. ஒரு நாள் கரண்டியைப் போட்டுவிட்டுக் கத்தினேன். "உக்காந்து சமைங்கோ மன்னி, யாரு வேண்டாம்னா?" என்றாய். வீம்புக்கு ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது. அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை, சொல்லியிருந்தால் உன்னைப் பிடிக்க முடியாது.

கோயில் நிர்மால்யப் பூவையும் மடப்பள்ளிக் கழிவையும் சேர்த்துப் போட்டால் இன்னும் பெரிதாகக் கட்டலாம், சமூக மடத்துச் சமையலுக்கே வாயு கொடுக்கலாம் என்று நீ எழுதிக் கேட்டாய். சுவாமிக்குச் சாத்திய பூவைச் சாணத்தில் போடுவதாவது என்று பெரியவர்கள் தட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "சாணியைச் சுட்டு நெத்தியிலே இட்டுக்கலாம், பூவோட சேக்கப்படாதாம்" என்று சிரித்தாய். சிரித்துவிட்டு, உன் வழக்கமான சொல்லைச் சொன்னாய். "சாரமில்லை மன்னி."

பரவாயில்லை என்பதற்கு இந்த ஊர் மலையாளம் கொடுத்த அந்தச் சொல் எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. எங்கள் ஊர்ப்பக்கம் பரவாயில்லை என்பதையே யோசித்துத்தான் சொல்வோம். நீ கேட்கிறதற்கு முன்பே சொல்லிவிடுவாய்.

கல் நம் வாசலை விட்டுப் போகக் காரணமான உற்சவத்துக்கு வருகிறேன். ரிஷப வாகனப் புறப்பாடு நம் வாசலுக்கு வந்தபோது, முன்னால் தோள் கொடுத்தவரின் கால் நம் கல்லில் இடறிவிட்டது. சுவாமி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பத்திரமாக நிமிர்ந்துவிட்டார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் தெரு அதிர்ந்துவிட்டது. சகுனம் சரியில்லை என்று ஒருவர் ஆரம்பித்தார், எல்லோரும் தொடர்ந்தார்கள். ரிஷபம் பசு ஏறும் கல்லில் இடறியதற்கு இத்தனை பேச்சா என்று நான் கேட்டது யார் காதிலும் விழவில்லை. தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் அகற்ற வேண்டும் என்று சமூகம் தீர்மானம் போட்டது. அப்போது சமூகத்துக்குச் செயலாளர் யார்? உன் அண்ணா. தன் வீட்டுக் கல்லை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவார்?

அவர் உன்னிடம் கேட்டார். அது நிஜம். கூடத்தில் உன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நான் அடுக்களையிலிருந்து கரண்டியும் கையுமாக வந்து, கல்லை எடுத்தால் நான் என் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சண்டைக்கு நின்றேன்.

"மன்னி, நீங்கோ சும்மா இருங்கோ" என்றாய். பிறகு அவரிடம், "சாரமில்லை அண்ணா. எடுத்துடுங்கோ. என்னாலே சுவாமி தடுமாறப்படாது" என்றாய்.

அவர் எழுந்து போனார். எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம். உனக்காகச் சண்டை போட வந்தவளையே வாயை மூடச் சொல்கிறாயே, போ, உன் பாடு என்று நானும் விட்டுவிட்டேன். எதற்கெல்லாமோ உன்னோடு நாள் கணக்காகச் சண்டை போட்டவள், அந்த ஒரு விஷயத்தில் நீ சொன்னதை ஒரே பேச்சில் கேட்டுக்கொண்டேன். எல்லோருமே கேட்டுக்கொண்டோம். நீ சரி என்றது எங்கள் எல்லோருக்கும் எவ்வளவு சௌகரியமாக இருந்தது, பார்த்தாயா?

ஆட்கள் கல்லைப் பெயர்த்த அன்று அவரும் நானும் ஆபீஸில். சாயங்காலம் வந்து, கல் எங்கே என்று கேட்டேன். எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றாய். கிணற்றடியில் புதிதாக ஒரு பெரிய துவைகல் கிடந்தது. பழசு வெடித்துவிட்டது, ஆட்களே ஒன்று போட்டுக் கொடுத்தார்கள் என்றாய். நான் மேலே கேட்கவில்லை.

கல்லுக்குப் பதிலாக, வேண்டும்போது போட்டு வேண்டாதபோது எடுக்கிற மாதிரி ஒரு நீளமான மரப்பலகை வந்தது. உனக்கும் அதுதான், காமாட்சிக்கும் அதுதான். காமாட்சி முன்னங்காலை அதில் வைத்தது. அடியில் வெற்றிடமாக இருந்ததால் டொங்கென்று சத்தம் கேட்டது. காலை எடுத்துக்கொண்டது. தட்டிப் பார்த்தோம், தவிடு காட்டினோம், பின்னாலிருந்து தள்ளினோம். தெருவில் நின்றுகொண்டு தலையை ஆட்டியதே தவிர, ஒரு அடி வைக்கவில்லை. உன்னை உட்கார வைத்துத் தள்ளியபோது பலகை வளைந்து, ஒரு பக்கம் வழுக்கி, நாற்காலி சுவரில் போய் இடித்தது. முழங்கையில் சிராய்ப்போடு, "சாரமில்லை" என்றாய். மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தது பசுவுக்குத்தான்.

ஏற மாட்டாத மாட்டை எங்கே கட்டுவது? பக்கத்து ஊர் நேமத்தில் ஒரு பால்காரருக்குக் கொடுத்தோம். காமாட்சி போனதோடு சாணம் போயிற்று. டிரம் மெல்ல மெல்ல இறங்கி, ஒரு நாள் அடியில் உட்கார்ந்துவிட்டது. அடுப்புக்கு சிலிண்டர் வந்தது. உன் அண்ணா எனக்காகப் பார்த்துப் பார்த்து, நின்று சமைக்கிற மாதிரி உயரமாக, பளபளவென்று கிரானைட் மேடை கட்டினார். அதில் உன் கை எட்டவில்லை. ஒரு கல்லைத்தான் எடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம் கோமு. அதோடு என்னென்ன போயிற்று என்று அப்போது ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

முதலில் நானும் அவருமாக உன்னை நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். பிறகு நீ காரணம் சொல்ல ஆரம்பித்தாய். மழை வரும்போல இருக்கிறது. இன்றைக்குக் கோயிலில் கூட்டமாக இருக்கும். வாசகசாலையில் புதுசாக ஒன்றும் வரவில்லை. அண்ணாவுக்கு முதுகு வலி. எல்லாமே ஒத்துக்கொள்ளக்கூடிய காரணங்கள். கடைசியில் ரேழிக்கு இந்தப் பக்கமே உன் உலகம் என்று ஆயிற்று. நிலைப்படிப் பலகைக்கு மட்டும் நான் வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். பூஜை குறைவில்லாமல் நடந்தது, சக்கரம்தான் போகவில்லை.

உன் காற்று வாங்கல் எல்லாம் கொல்லையில் என்று ஆகிவிட்டது. நான் துவைக்கும்போது நீ பக்கத்தில் வந்து நிற்பாய். "மன்னி, அந்தக் கல்லிலே அத்தனை ஓங்கி அடிக்காதீங்கோ" என்பாய். புடவை கிழிந்துவிடும் என்று சொல்கிறாயாக்கும் என்று நினைத்து, என் புடவை, என் கை, உனக்கென்ன என்பேன். நீ ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொள்வாய்.

ஒரு ஆடி மழையில் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார் உன் அண்ணா. வந்த புதிதில் நான் பார்த்த அதே மாதிரி. உன் முகத்தில் அந்தக் கோபம் மட்டும் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. நீ திரும்பி வரவில்லை.

இனி இப்போதைய செய்தி. சுவாமிக்குச் சக்கரம் வந்துவிட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன். தோள் கொடுக்கிற பையன்கள் பெங்களூர், துபாய் என்று போய்விட்டதால், வாகனத்தை ரப்பர் டயர் வண்டியில் ஏற்றித் தள்ளுகிறார்கள். வண்டி இறங்கக் கோயில் வாசலில் வழவழவென்று சிமென்ட் சரிவு. அதற்கு யாரும் தீர்மானம் போடவில்லை, யாரும் சகுனம் பார்க்கவில்லை. வண்டி வந்த வருஷம் நான் சுவாமியைச் சேவிக்கவில்லை. சரிவையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுவாமி கோபித்துக்கொண்டிருக்க மாட்டார், அவருக்கும் தெரியும்.

இன்னொன்றும் நடக்கிறது. அரசாங்கத் திட்டம் ஒன்றில் நம் தெருவைச் சேர்த்திருக்கிறார்கள். சமூக மடத்தில் கூட்டம் போட்டார்கள். பாரம்பரியம், தூய எரிசக்தி, எல்லோருக்குமான வடிவமைப்பு என்று கொட்டை எழுத்தில் துணி கட்டியிருந்தார்கள். வீட்டு முகப்புகளைப் பழையபடி ஆக்குவார்களாம். தெருவிளக்கு சூரிய ஒளியில் எரியுமாம். நிர்மால்யத்தில் வாயு எடுத்து மடத்துக்குக் கொடுப்பார்களாம். நடக்க முடியாதவர்களும் வந்து போக வசதி செய்வார்களாம். இந்த மூன்றையும் ஒன்றாக இணைத்துப் பார்ப்பதுதான் புதுமை என்று ஒரு அதிகாரி விளக்கினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு வாசலில் மூன்றும் ஒரே கல்லில் இணைந்துதான் கிடந்தன என்று எழுந்து சொல்ல நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. பேச வேண்டிய ஆள் நானில்லையே. நீ இருந்திருந்தால் அவரை உட்காரச் சொல்லிவிட்டு நீயே பேசியிருப்பாய்.

தெருவை அளக்கக் கட்டடக்கலை படிக்கிற பெண் ஒருத்தி வந்தாள், ஷீஜா. மலையாளப் பெண், நம்மோடு பழகித் தமிழ் பேசுகிறாள். கொல்லையை அளந்தவள் துவைகல் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி, இந்தக் கல்லோட சைடுல கொத்தின அடையாளம் காணுது. ஒண்ணு மறிச்சுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

கடப்பாரை கொண்டுவந்து ஆட்கள் புரட்டினார்கள். மண்ணைக் கழுவியபோது நடுவில் கோடு கோடாகக் கொத்து தெரிந்தது. பழைய மாட்டுக் கல் என்று அவள் குதூகலப்பட்டாள். பிறகு, இரண்டு ஓரத்திலும் சிமென்ட் அடைத்திருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டாள். நான் ஈரக் கல்லின்மேல் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது கேட்கிறேன். நீதான் ஆட்களிடம் சொல்லி அதை அங்கே கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தாயா? தூர எறிய மனசு வரவில்லையா? இல்லை, என்றைக்காவது நாங்களாகவே புரட்டிப் பார்ப்போம் என்று காத்துக்கொண்டிருந்தாயா? தினமும் அதன் பக்கத்தில் வந்து நின்றாயே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

கல் கிடைத்த செய்தி பரவியதும் சமூகத் தலைவர் வந்தார். தெருவில் மிஞ்சிய ஒரே மாட்டுக் கல்லாம். சிமென்டைச் சுரண்டிவிட்டு, மடத்தில் கண்ணாடிக்குள் வைத்து, விளக்கம் எழுதி, கயிறு கட்டிவிடலாம் என்றார். பாரம்பரியச் சொத்தாம், யாரும் மிதிக்கக் கூடாதாம். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணா எழுந்தார். நீ போன பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை. செயலாளர் பதவியை விட்டு, கூட்டத்துக்குப் போவதையும் விட்டுவிட்டார்.

"அது மாட்டுக்குப் போட்ட கல். அப்புறம் என் தங்கைக்கு ஆச்சு. சிமென்டை யாரும் தொடப்படாது" என்றார். "எடுக்கச் சொன்னது நான். அந்த இடத்திலேயே நானே போடறேன்."

தலைவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் இஷ்டம் என்றார். சுவாமி இப்போது நடுத்தெருவில் சக்கரத்தில் போகிறார், ஓரத்துக் கல் அவருக்கு இடைஞ்சல் இல்லை என்று நானும் என் பங்குக்குச் சொல்லிவைத்தேன்.

போன வியாழக்கிழமை கல்லைப் பதித்தார்கள். ஷீஜா நாள் முழுக்க வெயிலில் நின்று மட்டம் பார்த்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் நிலைப்படிக்கும் பலகைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு, கல்லைச் சுற்றிக் கோலம் போட்டேன். திரும்பிப் பார்க்கிறேன், உன் அண்ணா உள்ளறையிலிருந்து உன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். போர்வையை எடுத்து, துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டிருந்தார். எப்போது செய்தார் என்று எனக்குத் தெரியாது.

பலகை வழியாக, கல் வழியாக நாற்காலியை இறக்கினார். சக்கரங்கள் இரண்டும் உன் சிமென்ட் ஓரங்களில் சரியாக உட்கார்ந்தன. அப்படியே திரும்பி வருவார் என்று பார்த்தால், காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தெருவில் நடந்தார். பால் வாங்க வந்தவர்கள் விலகி நின்றார்கள். கோயில் வாசலில் சுவாமி வண்டிக்குப் போட்ட சரிவில் ஏற்றி, சந்நிதிக்கு நேராகக் கொஞ்ச நேரம் நிறுத்தி, திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் கோலப்பொடிக் கையோடு அதே இடத்தில் நின்றேன்.

நம் வாசலுக்கு வந்ததும், கல்லின் அடியில் நின்று, நாற்காலியை ஒரு விரலால் தள்ளினார். அது சுளுவாக ஏறியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாகத் தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. படி குறைந்து, கல் முன்னைப் போலச் செங்குத்தாக இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். "இப்ப யாரும் தள்ள வேண்டாம்" என்றார். "அவளே ஏறிடுவா."

அதற்குமேல் எங்களால் அங்கே நிற்க முடியவில்லை.

நீ கேட்காமல் போனதற்கெல்லாம் என்னால் இனி ஒன்றும் செய்ய முடியாது, கோமு. ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பாகி மாமி இடுப்பெலும்பு முறிந்து வீட்டோடு கிடக்கிறாள். உன் நாற்காலியைத் தரட்டுமா என்று நேற்றுப் போய்க் கேட்டேன். எனக்கெதுக்கு, சாரமில்லை என்றாள். சரி மாமி என்று சொல்லிவிட்டு வர நான் பழைய ஆள் இல்லை. கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி கேட்டேன். அதற்கப்புறமும் கேட்டேன். கடைசியில் ஆற்றைப் பார்த்து எத்தனை காலமாச்சு தெரியுமோ என்று அழுதாள். நாளைக்குக் காலையில் கூட்டிக்கொண்டு போகிறேன். இந்தத் தெருவில் இனி யார் சாரமில்லை என்றாலும் ஒரே பேச்சில் நம்ப மாட்டேன், அவர்கள் சண்டைக்கு வந்தாலும் சரி.

சண்டை போட நீ இல்லாமல் தவிக்கும்,
உன் மன்னி